தேவதை என்றொரு பொய்ப் பட்டம்

நம் மக்தபில் சிறுவர் சிறுமியர்க்கு அண்மையில் நடந்த தேர்வில், "மலக்குகள் என்போர் யாவர்?" என்றொரு வினா கேட்டிருந்தோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்த விடை இது: "மலக்குகள் என்றால் தேவதைகள். அவர்கள் வெள்ளைக் கவுன் போட்ட அழகான பெண்கள். முதுகில் இறக்கை இருக்கும். நிறம் சிவப்பாக இருக்கும்." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு பிழையில்லை, பொருளைத் தவிர.

அழைத்து, "யாரம்மா இதைச் சொல்லித் தந்தது?" என்று வினவினோம்.

"டி.வி.யில பார்த்தேன் ஹஜரத். வானத்துலயிருந்து ஒரு தேவதை இறங்கி வருவா. அவ மோதிரம் தொலைஞ்சு போயிரும். அப்புறம் திரும்பிப் போக முடியாது."

அந்தப் பிள்ளையின்மேல் நமக்குச் சினம் எழவில்லை. சினம் எழுந்தது வேறு சிலர் மேல். அவர்களுள் நாமும் ஒருவர் என்பது பின்னர்த் தெரியவரும்.

பிள்ளை சொன்ன கதை எந்தப் படத்துக் கதை என்பதை வீட்டாரைக் கேட்டறிந்தோம். அறிந்ததோடு நில்லாமல், மருமகன் வீட்டுக்குச் சென்று அப்படத்தை முழுவதும் பார்த்தோம். "ஹஜரத்துமா சினிமா பார்க்கிறது?" என்று அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம், செவியும் கண்ணும் நெஞ்சும் விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. காணாததைக் கண்டிக்கும் வழக்கம் நம்மவரிடையே மலிந்திருக்கிறது. அவ்வரிசையில் சேர நமக்கு விருப்பமில்லை.

படம் தெலுங்கில் 1990 மே 9ஆம் நாள் வெளிவந்தது. பெயர் 'ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி'. இயக்கியவர் கே. ராகவேந்திர ராவ், இசை இளையராஜா, நாயகர் சிரஞ்சீவி. இந்திரன் மகள் இந்திரஜா மண்ணுலகத்து நீர்நிலையில் நீராட இறங்குகிறாள். அவள் மோதிரம் தவறிப்போய், அனாதைக் குழந்தைகளை வளர்க்கும் ஓர் எளிய மனிதன் கையில் கிடைக்கிறது. அது இன்றி அவளால் விண்ணேற இயலாது. மோதிரத்தைத் தேடி வந்தவள் மனிதர்களிடையே தங்குகிறாள்; அன்புகொள்கிறாள்; முடிவில் வானத்தை விட்டு மண்ணைத் தேர்கிறாள். 35 ஆண்டுகள் நிறைந்த 2025 மே மாதத்தில் அப்படத்தைப் புதுப்பித்து மீண்டும் திரையிட்டனர். தமிழில் குரல்மாற்றி வெளியிட்டபோது அதற்கு இட்ட பெயர் 'காதல் தேவதை'. தெலுங்குப் பெயரில் 'தேவதை' என்ற சொல் இல்லை. 'உலகைக் கடந்த அழகி' என்பதே அதன் பொருள். அச்சொல்லை ஒட்டியது தமிழ்.

அந்த வேடத்தில் நடித்தவர் ஸ்ரீதேவி. அவர் எங்கோ வானத்திலிருந்தோ பம்பாயிலிருந்தோ வந்தவரல்லர். 1963 ஆகஸ்ட் 13ஆம் நாள் சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் பிறந்தவர். தந்தையார் வழக்கறிஞர். நம் திருவேங்கடத்துக்கும் மீனம்பட்டிக்கும் இடையே பெருந்தொலைவு இல்லை. அதே கரிசல் மண், அதே பட்டாசும் தீப்பெட்டியும், அதே வானம் பார்த்த வெள்ளாமை. மழை பொய்த்தால் அங்கேயும் கிணறு வற்றும், இங்கேயும் வற்றும். உலகைக் கடந்த அழகியின் ஊர் இதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்திரன் மகள் மண்ணிறங்கும் கதை நம் சகோதர சமுதாயத்தாரின் புராண மரபிலிருந்து பிறந்த கற்பனை. அதைப் பற்றி நமக்கு வழக்கில்லை. பிறர் வணங்குவோரை ஏசாதீர் என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் இட்ட வேலி. அவ்வேலியைத் தாண்ட நாம் யார்? நம் வழக்கு நம் வீட்டோடு. 'மலக்கு' என்ற அரபுச் சொல்லுக்கு நிகராகத் 'தேவதை' என்ற சொல்லை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? பேச்சாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பாடநூல் எழுதுவோருமே. ஜிப்ரயீல் (அலை) அவர்களைத் 'தேவதை' என்று அச்சிட்ட சிறுவர் நூலொன்றை நாமே கையில் வைத்துப் பார்த்திருக்கிறோம். எழுதியவர் அரபு அறிந்தவர். தமிழும் அறிந்தவர் என்று எண்ணியிருந்தோம்.

சொல்லின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். இது நமக்குப் பிடித்த இடம், வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். 'தேவதா' என்ற வடசொல் இலக்கணத்தால் பெண்பால். பொருளால் அன்று. தெய்வத்தன்மை என்னும் பண்பைக் குறிக்கும் விகுதி சேர்ந்ததால் அது பெண்பாற் சொல்லாயிற்று. ஆண் தெய்வத்தையும் அச்சொல் குறிக்கும். தமிழில் அது 'தேவதை' ஆகி, கிராம தேவதை, எல்லைத் தேவதை, துர்த்தேவதை என்று ஊர்ப்புறத்தில் வழங்கிற்று. துர்த்தேவதைக்கு வெள்ளைக் கவுன் அணிவித்து யாரும் கண்டதில்லை. கிறித்தவப் பெரியோர் விவிலியத்தைத் தமிழாக்கியபோதுகூடத் 'தேவதூதன்' என்றே எழுதினர்; தேவதை என்று எழுதவில்லை. அவர்களுக்கு இருந்த எச்சரிக்கை நம்மவர்க்கு இல்லாமற் போனது வியப்பே. சிறகு முளைத்த வெள்ளுடை மங்கை, ஆங்கிலப் படப் புத்தகங்களிலிருந்தும் வாழ்த்து அட்டைகளிலிருந்தும் புறப்பட்டு, திரையில் ஏறி, அங்கிருந்து நம் கூடத்துக்கு வந்தவள்.

நம் முன்னோரிடம் சொல்லுக்குப் பஞ்சம் இருந்ததா? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அமரர் என்றும் வானவர் என்றும் பழந்தமிழ்ச் சொற்களையே எடுத்து மலக்குகளுக்குப் பொருத்தினார். இரண்டும் பலர்பால், ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துக் காட்டாதவை. தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்குப் பால் காட்டும் ஈறு தமக்கென இல்லை, உயர்திணைப் பாலையே அவை கடன்பெற்று இசைக்கும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்திருக்கிறார். புலவர் அதை ஓதித்தான் இருந்திருப்பார்.

அரபியிலும் இதே நுட்பம் உண்டு. 'மலக்' என்பதன் பன்மை 'மலாயிகா'. அச்சொல்லின் ஈற்றில் பெண்பாற் குறி நிற்கிறது. ஆகவே ஆலஇம்ரான் அத்தியாயத்தில் ஸகரிய்யா (அலை) அவர்களை மலக்குகள் அழைத்த செய்தி பெண்பால் வினையால் வருகிறது. ஆனால் ஹிஜ்ர் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில் அதே மலக்குகள் சிரம்பணிந்த செய்தி ஆண்பால் வினையால் வருகிறது. நஹ்வு வகுப்பில் மாணவர் ஒருவரேனும் ஆண்டுதோறும் இதைக் கேட்பார். சொல்லின் பால் வேறு, பொருளின் பால் வேறு. சூரியன் அரபியில் பெண்பால், சந்திரன் ஆண்பால், அதனால் வானத்தில் திருமணம் நடந்துவிட்டதா என்று நம் ஆசிரியர் சிரிப்பார்கள். அல்லாஹ் அவர்களின் கப்றை விசாலமாக்குவானாக.

'பெயரில் என்ன இருக்கிறது, ஹஜரத்? வழக்கில் பொருள் மாறிவிட்டது' என்பார் உண்டு. சொல்லின் பொருள் மாறும் என்பது உண்மையே. ஆனால் இந்த ஒரு பெயரைக் குறித்துத் திருமறை வாளா இருக்கவில்லையே! நஜ்மு அத்தியாயத்தின் 27ஆம் வசனம், மறுமையை நம்பாதோர் மலக்குகளுக்குப் பெண்பெயர் சூட்டுகின்றனர் என்று பெயர் சூட்டுதலையே பிடித்துக் கண்டிக்கிறது. ஸுக்ருஃப் 19, அவர்கள் படைக்கப்பட்டதை இவர்கள் அருகிருந்து கண்டார்களா என்று கேட்டு, இச்சாட்சியம் எழுதப்படும், விசாரிக்கப்படும் என்று முடிக்கிறது. மக்கத்துக் குறைஷியர் மலக்குகளை இறைவனின் புதல்வியர் என்றனர். வானத்து வேந்தனின் மகள் என்ற கற்பனை மனிதனுக்கு மிகப் பழைய ஆசை போலும்.

இவ்விடத்தில்தான் வாசகர் நின்று நோக்க வேண்டும். மலக்கைப் பெண் என்று சொன்ன அந்த மக்கள் பெண்ணைப் போற்றியவர்களா? நஹ்லு அத்தியாயத்தின் 58, 59 வசனங்களைப் புரட்டுக. பெண் பிறந்தாள் என்ற செய்தி வந்ததும் அவர்களில் ஒருவனுடைய முகம் கறுக்கிறது, ஊராருக்கு ஒளிகிறான், இழிவோடு வைத்துக்கொள்வதா, மண்ணில் புதைப்பதா என்று தயங்குகிறான். வானத்தில் பெண்ணைச் சிறகோடு ஏற்றி வைத்தவர்களே பூமியில் பெண்ணைக் குழி தோண்டி இறக்கினர். இரண்டும் ஒரே சமுதாயத்தின் இரு செயல்கள்; திருமறை இரண்டையும் அடுத்தடுத்து வைத்தே பேசுகிறது.

இது அரபு நாட்டுப் பழங்கதை என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் 1980களில் ஏடுகளில் வெளிவந்தன. 'காதல் தேவதை' பிறந்த 1990க்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1992இல், தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. கொல்லாதீர், எங்களிடம் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசு தொட்டில் கட்டித் தொங்கவிட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் மத்திய அரசு சட்டமே இயற்றியது. ஒரு பக்கம் திரையில் தேவதையைக் கண்டு விசில். மறுபக்கம் வீட்டில் பிறந்ததைக் கண்டு கறுத்த முகம். கதாநாயகியை வானத்தில் நிறுத்தியவனுக்கு, மகளை மண்ணில் நிறுத்த மனம் வரவில்லை.

இனி அந்த நடிகையிடம் வருவோம். வேடங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. சிறு பிள்ளையாக இருந்தபோது 1969இல் வந்த 'துணைவன்' படத்தில் அவர் குழந்தை முருகன். 1986இல் 'நாகினா' என்ற இந்திப் படத்தில் நாகக் கன்னி. 1990இல் வானத்து மங்கை. கூட்டம் சேர்த்தவை இவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மக்கள் நெஞ்சில் அவரை நிறுத்தியவை எவை? 1977இல் '16 வயதினிலே' படத்தில், பட்டணத்து மருத்துவனின் பசப்பை நம்பி ஏமாறும் கிராமத்துப் பெண் மயில். 1982இல் 'மூன்றாம் பிறை'யில் நினைவை இழந்து குழந்தையாகிவிட்ட பெண். 2012இல் 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில், லட்டு பிடித்து விற்றுக் குடும்பத்துக்கு உழைத்தும், ஆங்கிலம் பேசத் தெரியாததற்காகப் பெற்ற மகளாலேயே எள்ளப்படும் தாய். இம்மூன்றில் எவளுக்கும் சிறகில்லை. மூவரும் தவறுவர், விழுவர், எழுவர். இந்த மூன்றாவது படத்தை நம் வீட்டுப் பெண்கள் கண்கலங்கப் பேசிக்கொண்டதை நாம் அறிவோம். அவர்களில் பலர் அதே அவமானத்தைத் தம் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் அனுபவித்தவர்கள். நாட்டின் சிறந்த நடிகை என்ற தேசிய விருதும் அவருக்கு 'மாம்' என்ற படத்தில் ஒரு தாயாக நடித்ததற்கே கிடைத்தது, அதுவும் இறந்த பிறகு, 2018இல். வானத்து மங்கையாக வேண்டுமானால் ஒளிவிளக்கும் உடையும் பாதி வேலையைச் செய்துவிடும். தலைகுனிந்து நிற்கும் ஒரு தாயாக நிற்பதற்கு மனிதரை அறிந்திருக்க வேண்டும்.

அப்படியிருக்க, 2018 பிப்ரவரி 24ஆம் நாள் துபாயில் அவர் தம் 54ஆம் வயதில் காலமானபோது நாடெங்கும் எழுந்த சொல் எது? 'தேவதை மறைந்தாள்' என்பதே. சொன்னவர்களே அடுத்த இரண்டு நாள்களில் செய்ததையும் உலகம் பார்த்தது. ஓட்டல் அறைக் குளியல் தொட்டியில் நினைவிழந்து மூழ்கினார் என்று துபாய் அதிகாரிகள் விசாரித்து அறிவித்து வழக்கை முடிக்கும் முன்னரே, தொலைக்காட்சிகள் தொட்டியை வரைந்து காட்டின. ஒரு செய்தியாளர் குளியல் தொட்டிக்குள் தாமே இறங்கிப் படுத்துக் காட்டினார். முகத்தை அறுத்து அழகுசெய்துகொண்டாரா, மருந்து உண்டாரா, மெலிந்தது ஏன் என்று ஒரு மய்யித்தின் உடலைத் துண்டு துண்டாகப் பேசினர். தேவதை என்று சொன்ன வாய்க்கு அவள் முதுமை அடைவதையும் பொறுக்க இயலவில்லை; மரணிப்பதையும் பொறுக்க இயலவில்லை. தேவதைக்கு வயது ஏது? வயது ஏறினால் அவள் ஏமாற்றியவள் ஆகிவிடுகிறாள்.

இதைக் கண்டபோது நமக்கு நினைவு வந்தது யூசுப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம். ஒரு மனிதரைப் பார்த்து 'இவர் மனிதரல்லர், கண்ணியமிக்க மலக்கு' என்று மனிதர்கள் வியந்ததாகத் திருமறை எடுத்துக்கூறும் இடம் அது. சொன்னவர் யார்? மிஸ்ரு நகரத்துச் சீமாட்டியர். கனி நறுக்கத் தந்த கத்தியால் தம் கைகளையே அறுத்துக்கொண்டு சொன்னார்கள். அந்தப் புகழ்ச்சிக்குப் பின் என்ன நடந்தது? நான்கு வசனங்கள் கழித்து, குற்றமற்றவர் என்பதற்கான அடையாளங்களைக் கண்ட பின்னரும், அவரைச் சிறையிலிட முடிவு செய்கிறார்கள். மலக்கு என்று வாழ்த்திய நகரமே பல ஆண்டுகள் சிறையில் வைத்தது! யூசுப் (அலை) அவர்களோ தம்மை ஒருபோதும் மலக்கு என்று சொல்லிக்கொள்ளவில்லை. நீ காக்காவிட்டால் நானும் சாய்ந்துவிடுவேன் என்ற கருத்துப்பட ரப்பிடம் மன்றாடினார்கள். அழகின் ஆபத்தை அழகுடையவர் அறிந்திருந்தார், பார்த்தவர்கள் அறியவில்லை.

மலக்கும் மங்கையும் சேர்ந்த கதை நம் தப்ஸீர் நூல்களுக்குள்ளும் நுழைந்தது உண்டு. பாபில் நகரத்து ஹாரூத், மாரூத் பற்றிப் பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் கூறுவது மிகச் சுருக்கம். அதனோடு சிலர் ஒரு நெடுங்கதையை ஒட்டவைத்தனர். இரு மலக்குகள் மண்ணிறங்கினராம். ஸுஹரா என்ற அழகி அவர்களை மயக்கினாளாம். விண்ணேறும் மந்திரத்தை அவர்களிடமிருந்து கறந்து வானம் போய் வெள்ளி மீனானாளாம். இந்திரஜா கதையைத் தலைகீழாக்கினால் இது வரும். அங்கே வானத்தவள் இறங்கித் தங்குகிறாள், இங்கே மண்ணவள் ஏறிப் போகிறாள். இமாம் ராஸீ இதை ஏற்கவில்லை. காழீ இயாழ் மறுத்தார்கள். இப்னு கஸீர் இது இஸ்ராயீலியரிடமிருந்து வந்த செய்தி என்று எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் மறுத்து எழுதி நூற்றாண்டுகள் பல ஆன பின்னும், நம் ஊர் மேடைகளில் அந்தக் கதை ரபீவுல் அவ்வல் மாதந்தோறும் உயிர்பெற்று எழுகிறது. எழுந்தால் அதில் பழி யாருக்கு? பெண்ணுக்கே. திரைக்கதையைக் கண்டிக்கும் நாவுகள் இந்தத் திண்ணைக் கதையையும் ஒருமுறை கண்டித்தால் நன்றாக இருக்கும்.

மேடைகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். அந்நடிகை இறந்த மறுவாரம் நம் பக்கத்து மேடையொன்றில் ஒருவர், "வானத்து ராணியாய் வேடம் போட்டவள் நீர்த்தொட்டியில் போனாள் பார்த்தீர்களா" என்று எக்களித்துப் பேசினார். கூட்டம் சிரித்தது. நாமும் அக்கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தோம். இறந்தோரை ஏசாதீர், அவர்கள் தாம் முற்படுத்தியதைச் சென்றடைந்துவிட்டனர் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இருக்கிறது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்துசென்றபோது கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதும், அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இவற்றை அந்தப் பேச்சாளர் ஓதியவரே. நாமும் ஓதியவரே. அன்று எழுந்து ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். தேநீர் அருந்திவிட்டு வீடு திரும்பினோம்.

ஒரு சாராருக்குப் பெண் தேவதை; மற்றொரு சாராருக்கு ஷைத்தானின் தூண்டில். இரு சாராரும் எதிரெதிர் அணி என்று தம்மை நினைத்துக்கொள்கிறார்கள். அவளை ஆதமின் மகளாக, நம்மைப்போல் உண்டு உறங்கித் தவறித் திருந்தும் ஓர் உயிராகப் பார்க்க இருவருக்கும் மனமில்லை. இதில் இருவருக்கும் என்ன வேறுபாடு?

மலக்குகளின் இயல்பையும் இத்தோடு சொல்லிவிடுவது நலம். ஒளியால் படைக்கப்பட்டோர் என்பது முஸ்லிமில் உள்ள நபிமொழி. இரண்டும் மூன்றும் நான்குமாகச் சிறகுடையோர் என்பது ஃபாத்திர் அத்தியாயத்தின் முதல் வசனம். உண்ணார், பருகார், இப்ராஹீம் (அலை) அவர்கள் பொரித்து வைத்த கன்றிறைச்சியின் பக்கம் விருந்தினரின் கை நீளவில்லை. மர்யம் (அலை) அவர்கள் முன் ஜிப்ரயீல் தோன்றியது செவ்விய மனித வடிவில். நபித்தோழர்களுக்கிடையே தோன்றியது திஹ்யத்துல் கல்பீ (ரலி) அவர்களின் சாயலில். காதல், கலியாணம், மோதிரம் எதுவும் அவர்களுக்கில்லை. சுவனத்து ஹூருல்ஈன்கள் மலக்குகள் அல்லர்; அது வேறு படைப்பு. இவ்விரண்டையும் குழப்பாத பேச்சாளரைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது.

குழப்பியவர்களில் நாமும் உண்டு என்று முன்னரே குறிப்புக் காட்டினோம். இருபதாண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் பயான் செய்தபோது, மணமகளை வானத்திலிருந்து இறங்கிய மலக்கு என்றும் ஹூருல்ஈன் என்றும் நாமே வருணித்தோம். மணமகள் நல்ல நிறம். மணமகன் வீட்டார் மகிழ்ந்தனர், சால்வை போர்த்தினர். அந்த வீட்டில் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். கறுத்த நிறம். ஆலிமா வகுப்பு முடித்தவள்; தங்கைக்கு முன் அவளுக்கு நடக்க வேண்டியது நடக்கவில்லை. மஜ்லிஸ் கலைந்ததும் அவர்களின் தாயார் நம்மிடம் வந்து, "ஹஜரத் நல்லாப் பேசினீங்க. மூத்தவ காதுலயும் விழுந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாம் தலை நிமிரவில்லை. பெண் பார்க்கப் போகும் வீடுகளில் இன்றும் மாமியார்மார் கேட்பது என்ன? 'பொண்ணு தேவதை மாதிரி இருக்கணும்.' தீனைக் கொண்டு தேர்ந்தெடுங்கள் என்ற நபிமொழி அழைப்பிதழின் தலைப்பில் அச்சாகிறது. தேர்வு திரையைப் பார்த்து நடக்கிறது. தேர்வுத் தாளில் 'நிறம் சிவப்பாக இருக்கும்' என்று எழுதிய பிள்ளை அதைத் திரையில் மட்டுமா கற்றாள்?

பட்டம் உயர்வானதுதானே, பெண்ணை ஏற்றிச் சொல்வதுதானே என்று ஒருவர் வாதாடினால், அதுவும் தவறு என்போம். நம் அகீதாவின்படி மலக்கு என்பது மனிதனுக்குப் பதவி உயர்வன்று. பூமியில் பிரதிநிதி ஒருவரை ஆக்கப்போவதாக ரப்பு அறிவித்தபோது இரத்தம் சிந்துவோரையா என்று கேட்டவர்கள் மலக்குகள். பொருள்களின் பெயர்களைச் சொல்லத் தெரியாமல், நீ கற்பித்ததன்றி எங்களுக்கு அறிவில்லை என்று பணிந்தவர்கள் மலக்குகள். சொன்னவர் ஆதம். பின்னர் யார் யாருக்குச் சிரம்பணிந்தார்? மனிதருள் சிறந்தோர் மலக்குகளினும் மேலானவர் என்பதே நம் அறிஞர்களுள் பெரும்பாலோர் கொண்ட முடிவு. பாவம் செய்ய இயலாதவரின் தூய்மையைவிட, இயன்றும் விலகியவரின் தூய்மைக்கு நிறை அதிகம். ஆகவே ஒரு பெண்ணை மலக்கு என்பவர் அவளை ஏற்றவில்லை. அவளுக்கு அல்லாஹ் அளித்த இடத்திலிருந்து இறக்குகிறார். அந்தத் தெலுங்குக் கதாசிரியர் இதை அறிந்தோ அறியாமலோ, தம் நாயகியை முடிவில் வானத்தை விட்டு மனிதப் பெண்ணாகவே நிற்க வைத்தார். விண்ணுலகம் திரும்ப வழியிருந்தும் அவள் மண்ணையே தேர்ந்தாள். அவரிடம் இருந்த அந்தத் துளி அறிவு, படத்துக்குத் தமிழ்ப்பெயர் வைத்தவரிடம் இல்லை.

இதையெல்லாம் மறுநாள் பிள்ளைகளுக்கேற்ற அளவில் மக்தபில் சொன்னோம். மலக்குகள் ஆதமுக்குப் பணிந்த இடம் வந்தபோது, அந்தச் சிறுமி கை தூக்கினாள்.

"ஹஜரத், ஆதம் நபிக்குத்தானே ஸஜ்தா செஞ்சாங்க? அவங்க ஆம்பளை. எங்களுக்கா செஞ்சாங்க?"

முப்பதாண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறோம். எந்தப் பையனும் இதைக் கேட்டதில்லை. கேட்கும் தேவை அவனுக்கு இருந்ததில்லை. முஸ்ஹபை எடுத்து அஃராஃப் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தைத் திறந்து அவளையே ஓதச் சொன்னோம். அங்கே ரப்பு, ஆதமைப் படைத்தோம் என்று தொடங்கவில்லை. உங்களைப் படைத்தோம், உங்களுக்கு உருவம் தந்தோம், பிறகு ஆதமுக்குப் பணியுமாறு மலக்குகளிடம் கூறினோம் என்று முன்னிலைப் பன்மையில் பேசுகிறான். அந்த 'கும்' என்ற எழுத்துகளின்மேல் அவள் விரலை வைத்து, "இந்த 'உங்களை' யாரு தெரியுமா?" என்றோம்.

சற்று நேரம் எழுத்தைப் பார்த்திருந்தாள். பின்னர், "பரீட்சைப் பேப்பரைத் திருப்பித் தாங்க ஹஜரத், அடிச்சிட்டு எழுதணும்" என்றாள். கொடுத்தோம்.